மாலையில் கூடுதலாக ஒரு மணி நேரம் பள்ளியில் வைத்திருந்தால் பிள்ளைகளின் கற்றல் உயருமா?

கேள்வி – ஜவ்வாதடிவாரன்

அனைவருக்கும் வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான் பெற்றோர் உறுப்பினர். சென்ற ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதிய 54 பேரில் 13 பேர் கணக்கில் தவறிவிட்டார்கள். அதைக் காரணமாகக் காட்டி, எட்டு முதல் பத்து வரையுள்ள எல்லா மாணவர்களையும் மாலை 4.10 மணிக்கு மேல் 5.20 வரை இருத்திப் பாடம் நடத்தலாம், சனிக்கிழமைகளிலும் அரை நாள் வகுப்பு வைக்கலாம் என்று வரும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறார்கள். கூட்டத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் "பிள்ளைகள் வீட்டுக்கு வந்தால் கைபேசியைத்தான் நோண்டுகிறார்கள், பள்ளியிலேயே இருக்கட்டும்" என்று கை தூக்கிவிடுவார்கள் என்பது எனக்கு இப்போதே தெரியும்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவளோடு எங்கள் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து இருபது, இருபத்திரண்டு பிள்ளைகள் 4.35 பேருந்தில் திரும்புகிறார்கள். அதை விட்டால் அடுத்த பேருந்து 6.15க்குத்தான். சில வீடுகளில் மாலையில் மாடு கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுவதும் இந்தப் பிள்ளைகளின் வேலைதான். இவற்றையெல்லாம் சொன்னால் படிப்புக்கு முட்டுக்கட்டை போடுகிறேன் என்று பெயர் வரும். சொல்லாமல் இருந்தால் மனம் ஒப்பவில்லை. நேரத்தை நீட்டினால் கற்றல் உண்மையிலேயே கூடுகிறதா, கூடுமென்றால் எந்த வகையான நேரம், யாருக்கு என்பதை அனுபவத்திலோ ஆய்விலோ அறிந்தவர்கள் சொன்னால் கூட்டத்தில் பேச உதவியாக இருக்கும்.

மறுமொழி – சுண்ணக்கட்டி

ஐயா, 31 ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மாலைச் சிறப்பு வகுப்புகளை நானே முன்னின்று நடத்தியிருக்கிறேன் என்பதால், இதில் எதிர்த்தரப்பில் நின்று பேசும் உரிமை எனக்கு முழுமையாக இல்லை. இருந்தாலும் தீர்மானத்துக்கு முன்னால் தலைமையாசிரியரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இப்போது கால அட்டவணையில் இருக்கும் கணக்குப் பாடவேளைகளில் எத்தனை நடக்கின்றன?

நான் ஓர் ஆண்டு இதை என் நாட்குறிப்பில் குறித்து வைத்தேன். பத்தாம் வகுப்புக்கு வாரம் 7 பாடவேளை என்று தாளில் இருந்தது. ஆண்டு முழுவதும் சேர்த்தால் எப்படியும் 240க்கு மேல் வந்திருக்க வேண்டும். ஆசிரியரும் கரும்பலகையும் மாணவர்களும் ஒரே அறையில் இருந்து பாடம் நடந்த பாடவேளைகள் 168. மீதி எங்கே போயின என்று பார்த்தால், எனக்கு வந்த பயிற்சி வகுப்புகள், வாக்காளர் பட்டியல் வேலை, விளையாட்டு விழாவுக்கு முந்தைய இரண்டு வாரம், மூன்று திருப்புதல் தேர்வுகள், அவற்றுக்கான விடைத்தாள் திருத்தம், வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ளப் போன நாட்கள், எமிஸ் என்னும் அரசின் பள்ளித் தகவல் இணையதளத்தில் விவரம் ஏற்றுவதற்காகக் கணினியின் முன் உட்கார்ந்த காலைகள் என்று பட்டியல் நீண்டது. இவற்றில் எதையும் நான் சோம்பேறித்தனத்தால் இழக்கவில்லை. ஆனால் இழந்தது இழந்ததுதான். பகலில் 70 பாடவேளையைத் தவறவிட்டுவிட்டு மாலையில் 100 மணி நேரத்தைத் தேடுவது, ஓட்டைக் குடத்தை அடைக்காமல் இன்னொரு நடை தண்ணீருக்குப் போவதைப் போன்றது.

இனி அந்தச் சிறப்பு வகுப்பில் என்ன நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். பகலில் நடத்திய முக்கோணவியல் கணக்கையே மாலையில் மறுபடியும் பலகையில் போட்டேன். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் எழுதிக்கொண்டார்கள். மூன்றாம் வரிசையில் ஒரு பையன் இரண்டு மாதமாக மிக அழகான கையெழுத்தில் எல்லாவற்றையும் எழுதி, கோடு போட்டு, விடையைக் கட்டத்துக்குள் அடைத்து வைத்திருந்தான். ஒரு நாள் வேறு எதற்காகவோ அவனைப் பலகைக்கு அழைத்து −7 + 3 எவ்வளவு என்று கேட்டேன். −10 என்று எழுதினான். தவறு என்றதும் அதை அழித்துவிட்டு 10 என்று எழுதினான். அவனுக்கு நான் இரண்டு மாதம் மாலை வகுப்பு எடுத்ததாகப் பதிவேட்டில் என் கையெழுத்து இருக்கிறது.

அதன்பின் முறையை மாற்றினேன். ஒரு பக்கத் தாளில் முழுக்கள், வகுத்தல், பின்னம் ஆகியவற்றில் பத்துக் கேள்விகள் கொடுத்து, தடுமாறிய 14 பேரை மட்டும் வாரத்தில் மூன்று நாள், பகலில் கடைசிப் பாடவேளையோடு இருபது நிமிடம் சேர்த்து, வேப்ப மரத்தடியில் உட்கார வைத்தேன். மற்றவர்கள் வழக்கமான பேருந்தில் வீட்டுக்குப் போனார்கள். அந்த 14 பேரில் 9 பேர் தேர்ச்சி பெற்றார்கள், 5 பேர் பெறவில்லை. அந்த ஐவரை ஆறாம் வகுப்பிலேயே பிடித்திருக்க வேண்டும் என்பதுதான் இன்றுவரை என் வருத்தம்.

மறுமொழி – அளவுகோல்

கல்வித் திட்டங்களை மதிப்பிடும் வேலையில் இருப்பதால், ஆய்வுப் பக்கத்திலிருந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கேள்வி கேட்டவர் "எந்த வகையான நேரம், யாருக்கு" என்று கேட்டது மிகச் சரி. ஆய்வுகளும் அந்த இடத்தில்தான் பிரிகின்றன.

நாடு முழுவதும் பள்ளி நேரத்தை நீட்டிய பெரிய எடுத்துக்காட்டு சிலி. அங்கே இடப்பற்றாக்குறையால் பல பள்ளிகள் காலை ஒரு பிரிவு, பிற்பகல் ஒரு பிரிவு என்று இயங்கிவந்தன. 1997இல் தொடங்கிய சீர்திருத்தம் அதை முழுநாள் பள்ளியாக மாற்றியது. தொடக்க வகுப்புகளில் வாரத்துக்கு 30ஆக இருந்த பாடவேளைகள் 38 ஆயின. புதிய வகுப்பறைகள் கட்ட வேண்டியிருந்ததால் செலவு மிகப் பெரியது. பின்னர் நடந்த ஆய்வுகள் மொழிப்பாடத்திலும் கணக்கிலும் முன்னேற்றம் உண்டு, ஆனால் அது சிறியது என்றே கண்டன. வேறொரு பயன் தெளிவாகத் தெரிந்தது: பிற்பகலில் பள்ளிக்குள் இருந்த காரணத்தால் பதின்வயதுப் பெண்கள் கருவுறுவதும் சிறார் குற்றங்களும் குறைந்தன. பிள்ளைகள் பாதுகாப்பாக ஓரிடத்தில் இருப்பது என்பதும் ஒரு பயன்தான். ஆனால் அதைக் கற்றல் உயர்வு என்று கணக்கெழுதக் கூடாது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2006 முதல் சில பள்ளிகள் ஆண்டுக்குக் குறைந்தது 300 மணி நேரம் கூடுதலாக இயங்க மாநில அரசு பணம் கொடுத்தது. 300 மணி என்பது, நம் நாட்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு விதித்த 1,000 மணியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. வெளியார் செய்த மதிப்பீட்டில் தேர்வு மதிப்பெண்களில் ஒட்டுமொத்தமாகக் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை. பிள்ளைகள் களைத்துப்போவதே தெரிந்தது.

இப்போது நம் பக்கம் வருவோம். தில்லியில் அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் ஒன்பது வரை படிக்கும் மாணவர்களைப் பள்ளி முடிந்தபின் ஒரு மையத்துக்கு வரவழைத்து, 90 நிமிடத்தில் பாதியைக் கணினிப் பயிற்சிக்கும் பாதியைச் சிறு குழுக் கற்பித்தலுக்கும் செலவிட்ட ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. நாலரை மாதத்தில் கணக்கில் பெரிய முன்னேற்றம் கிடைத்தது. கூடுதல் நேரம் பலித்துவிட்டது என்று தோன்றும். ஆனால் அந்த மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையும் எந்த வகுப்பில் படிக்கிறது என்று பார்க்கவில்லை, எந்த நிலையில் நிற்கிறது என்று பார்த்து அங்கிருந்து கேள்வி கொடுத்தது. அதே ஆய்வில் என்னை அதிகம் உலுக்கியது வேறொன்று: இந்த மையத்துக்கு வராமல் வழக்கமான வகுப்பில் மட்டும் இருந்தவர்களில், வகுப்பின் கீழ் மூன்றிலொரு பங்கு மாணவர்கள் அந்த மாதங்களில் ஏறக்குறைய எதுவுமே முன்னேறவில்லை. அவர்களுக்கு அதே பாடத்தை, அதே வேகத்தில், இன்னும் 70 நிமிடம் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். மேலே −7 + 3 கதையைப் படித்தபோது எனக்கு இந்த ஆய்வின் வரைபடம்தான் கண்ணில் நின்றது.

தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர்கள் மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், தத்தம் தெருவிலேயே, ஏறத்தாழ இருபது பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஊரகத் தமிழ்நாட்டில் தொடர்ந்து அளந்த ஓர் ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டதாகவும், அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு இத்திட்டத்தால் வந்ததாகவும் கணக்கிட்டது. தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். வகுப்பு வீட்டுக்குப் பக்கத்தில் நடந்ததால் பேருந்துச் சிக்கல் இல்லை. அது சிறு பிள்ளைகளுக்கான திட்டம் என்பதையும், பத்தாம் வகுப்புக்கு அப்படியே பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மறுமொழி – வாளையாற்றங்கரை

பாலக்காட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். கேரளத்தில் 2025 சூனில் எட்டு முதல் பத்து வரை நேரத்தை நாளுக்கு அரை மணி கூட்டினார்கள்: காலையில் 15 நிமிடம், மாலையில் 15 நிமிடம், வெள்ளிக்கிழமை மட்டும் விலக்கு. பள்ளி 9.45க்குத் தொடங்கி 4.15க்கு முடிகிறது. உயர்நிலை வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 1,100 மணி நேரக் கற்பித்தல் வேண்டும் என்ற கணக்கை நிரப்புவதற்காக வந்த மாற்றம் இது. காலையில் மதரசா வகுப்புக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு அந்தப் பதினைந்து நிமிடம் இடிக்கிறது என்று கேரள முஸ்லிம் மார்க்க அறிஞர்களின் அமைப்பான சமஸ்தா எதிர்ப்புத் தெரிவித்தது. கால் மணி நேரத்துக்கே ஒரு மாநிலத்தில் இவ்வளவு பேச்சு நடந்தது என்றால், உங்கள் ஊரில் 70 நிமிடத்தைப் பேருந்து நேரம்கூடப் பார்க்காமல் ஒரே கூட்டத்தில் முடிவு செய்வது எனக்கு வியப்பாக இருக்கிறது. எங்கள் பள்ளியில் மதிப்பெண் கூடியதா என்று கேட்டால், அதைச் சொல்லும் காலம் இன்னும் வரவில்லை. காலை வணக்கக் கூட்டத்துக்குத் தாமதமாக வருகிறவர்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது, அதை என்னால் சொல்ல முடியும்.

மறுமொழி – கடைசிப் பேருந்து

நான் ஆசிரியை அல்ல. இப்படி ஒரு மாலை வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்து எழுந்தவள். காலை 7.40க்கு வீட்டை விட்டுக் கிளம்புவேன். 12.40க்குச் சத்துணவு. அதன்பின் 5.30 வரை வயிற்றில் தண்ணீர் மட்டும்தான். நாலரை மணிக்குமேல் பலகையில் என்ன எழுதினார்கள் என்பது எனக்கு நினைவில்லை. வாசலில் பாட்டி விற்ற ஐந்து ரூபாய்ச் சுண்டலின் வாசனை நினைவிருக்கிறது. காசிருந்தவர்கள் வாங்கி மேசைக்கடியில் வைத்துத் தின்றார்கள். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் சிறப்பு வகுப்புக்கு வரும் பொதுத்தேர்வு மாணவர்களுக்கு மாலைச் சிற்றுண்டி கொடுக்கிறார்கள் என்று படித்தபோது, யாரோ ஒருவருக்குப் பசி என்ற ஒன்று இருப்பது தெரிந்திருக்கிறதே என்று மகிழ்ந்தேன். உங்கள் தீர்மானத்தில் சிற்றுண்டிக்கு ஒரு வரி இருக்கிறதா?

இன்னொன்று. ஐப்பசி, கார்த்திகையில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். எங்கள் வகுப்பில் தொலைவிலிருந்து வந்த நான்கு பெண்களில் இருவரின் வீட்டில், "இருட்டி வருவதாக இருந்தால் பள்ளியே வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். ஒருத்தியை அவள் அண்ணன் தினமும் வந்து அழைத்துப்போனான். மற்றவள் பொங்கலுக்குப் பிறகு வரவில்லை. அவள் தேர்வே எழுதவில்லை என்பதால் அந்த ஆண்டுத் தேர்ச்சி விழுக்காட்டில் அவள் பெயர் எங்கும் வராது. விளையாட்டுப் பாடவேளையையும் அந்த ஆண்டு முழுவதும் அறிவியலுக்குக் கொடுத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மறுமொழி – இருபுறமும் பார்

எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதால் மறுபக்கத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊரில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் நாலரை மணிக்குமேல் சும்மாவா இருக்கிறார்கள்? டியூஷனுக்குப் போகிறார்கள். தனியார் பள்ளிகள் பத்தாம் வகுப்பை ஆறு மணிவரை விடுவதில்லை. கூடுதல் நேரம் பயனற்றது என்றால், பணம் கொடுத்து அதை ஏன் வாங்குகிறார்கள்? அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் "களைத்துப்போவான், மாடு கறக்க வேண்டும்" என்று சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை.

நமக்கு இதில் ஒரு பழைய காயமும் உண்டு. 1953இல் இராஜாஜி அரசு ஊரகத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு பிள்ளை பள்ளியில் இருக்கும் நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்து, இரண்டு முறைகளாகப் பிரித்தது. அதே ஆசிரியர், அதே கட்டடத்தைக் கொண்டு கூடுதல் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது சொல்லப்பட்ட காரணம். மிச்ச நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றபோது, அதைக் குலக்கல்வித் திட்டம் என்று நாடே எதிர்த்தது. 1954இல் காமராசர் ஆட்சிக்கு வந்ததும் அது கைவிடப்பட்டது. ஏழைப் பிள்ளையின் பள்ளி நேரத்தைக் குறைக்கச் சொல்லும் எந்த வாதத்தையும் நாம் இருமுறை பார்த்துத்தான் ஏற்க வேண்டும். பால் சொசைட்டியைக் காரணம் காட்டுவது எனக்கு அந்த வாசனையைத் தருகிறது. கேள்வி கேட்டவர் மன்னிக்க வேண்டும்.

மறுமொழி – அளவுகோல்

இருபுறமும் பார் அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி, அதனால் தட்டிக்கழிக்காமல் விடை சொல்கிறேன். இங்கே யாரும் நேரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. டியூஷனில் பெற்றோர் விலை கொடுத்து வாங்குவது நேரத்தோடு சேர்த்துச் சிறு குழுவையும், "இது புரியவில்லை" என்று கேட்கும் வாய்ப்பையும்தான். நூறு பேரை ஒரே கூடத்தில் உட்காரவைக்கும் டியூஷன்களைப் பற்றி நான் பேசவில்லை, அவை பள்ளியைவிட மோசம். ஆகவே அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் அந்தக் கூடுதல் நேரம் கிடைக்கட்டும் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். 54 பேருக்கும் ஒரே பாடத்தை மறுபடி நடத்துவது அந்த நேரம் ஆகாது. அரியானாவில் 2012–13இல் தொடக்கப் பள்ளிகளில் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கி, மூன்று முதல் ஐந்து வரையுள்ள பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல் படிக்கும் நிலையைப் பார்த்துக் குழுவாகப் பிரித்து அரசு ஆசிரியர்களே நடத்தினார்கள். இந்தி வாசிப்பில் முன்னேற்றம் வந்தது. செய்தவர்கள் வழக்கமான ஆசிரியர்கள், நேரம் ஒரு மணி, மாறியது பிரித்த முறை.

மறுமொழி – சுண்ணக்கட்டி

ஆசிரியர் பக்கத்தையும் ஒரு வரி சொல்ல விடுபட்டது. கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணை ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரத்தைக் குறிக்கிறது, ஆனால் பாடத் தயாரிப்பும் அதற்குள்தான் அடங்கும். மாலை 5.20க்கு முடித்து, பேருந்து பிடித்து, இருட்டியபின் வீடு சேரும் கணக்காசிரியர் மறுநாளுக்கு என்ன தயாரிப்பார்? மூன்று மாதத்தில் அவர் கையேட்டைக் கையில் கொடுத்து "ஒரு மதிப்பெண் வினாக்களைப் படி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவர் – ஜவ்வாதடிவாரன்

எழுதிய அனைவருக்கும் நன்றி. குலக்கல்வி பற்றிய குத்தல் எனக்கு வலித்தது, ஆனாலும் வேண்டியதுதான். பால் ஊற்றும் வேலையை இனி நான் காரணமாகச் சொல்லப் போவதில்லை, அதை நாங்கள் பெற்றோர் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

நேற்று தலைமையாசிரியரைப் பார்த்தேன். பாடவேளைக் கணக்கைக் கேட்டதும் முதலில் முகம் சுளித்தார். பிறகு அவரே ஆசிரியர் வருகைப் பதிவேட்டை எடுத்து, ஆடி, ஆவணி இரண்டு மாதத்தை மட்டும் பென்சிலால் எண்ணிப் பார்த்தார். ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கில் 19 பாடவேளை விடுபட்டிருந்தன. கணக்காசிரியர் மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்குப் போன நாட்கள் மட்டும் அதில் 11. "இதை நான் எங்கே போய்ச் சொல்வது?" என்று கேட்டார். தீர்மானமாகவே எழுதி மாவட்டக் கல்வி அலுவலருக்கு அனுப்புவோம், மேலாண்மைக் குழு கையெழுத்திடும் என்று சொன்னேன். அதற்கு ஒப்புக்கொண்டார்.

மாலை வகுப்பை அவர் கைவிடவில்லை. எல்லோரையும் வைப்பதற்குப் பதிலாகப் பத்துக் கேள்வித் தாளை மூன்று வகுப்புக்கும் கொடுத்துப் பார்த்து, தேவைப்படுகிறவர்களை மட்டும் வாரம் மூன்று நாள் வைக்கலாம் என்ற அளவுக்கு இறங்கி வந்திருக்கிறார். சனிக்கிழமை பற்றிப் பேச்சு முடியவில்லை. சுண்டலுக்கு முன்னாள் மாணவர் இருவர் பொறுப்பேற்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள், தைவரைக்கும்தான். பணிமனைக்குப் போய் 4.35 பேருந்தை அந்த மூன்று நாளும் 5.05க்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். எழுதிக் கொடுங்கள் என்றார்கள், எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சுண்ணக்கட்டி ஐயா, அந்தப் பத்துக் கேள்விகளை இங்கே பதிய முடியுமா? வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் நகல் எடுத்துவிடுவேன்.

மறுமொழி – சுண்ணக்கட்டி

இன்று இரவு எழுதிப் பதிகிறேன். எட்டாம் வகுப்புக்குப் பின்னக் கேள்விகள் இரண்டை மாற்ற வேண்டும். நகல் எடுக்கும்போது ஒவ்வொரு கேள்விக்கும் கீழே நான்கு விரல் இடம் விடுங்கள். விடையைவிட அவர்கள் போட்டுப் பார்த்த வழிதான் நமக்கு வேண்டும்.